ஊமைப் பாத்திரம்

டிங்கக்கா வீட்டுக் கேஸ் அடுப்பைக் கழற்றிக்கொண்டு போக வந்தவர்கள் நல்ல மாதிரியான ஆட்கள். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார்கள். பழைய அடுப்பை எடுத்தார்கள். சமையல் மேடையில் ஒரு சதுரம் அறுத்து, அதில் புது மின் அடுப்பைப் பதித்தார்கள். அறுத்த தூசியைக்கூடக் கூட்டி அள்ளிவிட்டு, "வரோம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போன பிறகு டிங்கக்கா அடுப்பைத் தேடினார். சுவர் ஓரத்தில் தொடங்கித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் இரண்டு கைகளாலும் மேடையைத் தடவிக்கொண்டே போனார். எல்லா இடமும் வழவழவென்று ஒரே மாதிரி இருந்தது. திரும்பவும் தடவினார்.

"எங்கடா வச்சிட்டுப் போனாங்க?"

"அது மேலதான்மா கைய வச்சிருக்க" என்றான் மகன்.

அவர் சட்டென்று கையை எடுத்துவிட்டார். அடுப்பு சூடாக இல்லை. ஆனாலும் எடுத்துவிட்டார்.

டிங்கக்காவுக்குப் பார்வை ஒரேயடியாகப் போய்விடவில்லை. ஐம்பது வயதுக்குப் பிறகு, துணியில் எண்ணெய் பரவுகிற மாதிரி நடுவிலிருந்து ஓரத்துக்கு மங்கிக்கொண்டே வந்தது. இப்போது ஜன்னல் எந்தப் பக்கம் என்று மட்டும் தெரியும். டிங்கக்கா என்ற பெயர் அதற்கு முன்பே வந்தது. கண்ணாடி பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் அவர் சோதனைப் பிரிவில் இருந்தார். வரிசையாக வரும் பாட்டில்களை இரண்டிரண்டாக எடுத்து லேசாக முட்ட வேண்டும். நல்ல பாட்டில் 'டிங்' என்னும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் 'டொக்' என்னும். அவர் கையைத் தாண்டி ஒரு 'டொக்' வெளியே போனதில்லை என்று மேஸ்திரியே சொல்வார். கூட வேலை பார்த்தவர்கள் வைத்த பெயர் தெருவுக்கு வந்து, பிறகு வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

கண் மங்கிய பிறகு அந்தக் காதுதான் சமையலைப் பார்த்துக்கொண்டது. கேஸைப் பற்றவைத்தால் 'பப்' என்று கேட்கும். பெரிய தீ ஊதும், சின்னத் தீ முணுமுணுக்கும். அவரிடம் இருந்தவை மெல்லிய அலுமினியப் பாத்திரங்கள். அவற்றில் தண்ணீர் வைத்தால் முதலில் ரீங்கரிக்கும். கொதிக்கப்போகும் நேரத்தில் சத்தம் சற்றே அடங்கும். அப்புறம் மூடி தாளம் போடும். அரிசியை எப்போது போடுவது, தீயை எப்போது குறைப்பது என்று அந்தச் சத்தமே சொல்லிவிடும். கணவர் இறந்த பிறகும், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும், அவர் வீட்டில் வேறு யாரும் கரண்டி பிடித்ததில்லை.

பக்கத்துக் கட்டடத்தில் ஒரு சிலிண்டர் வெடித்தது. அதிலிருந்து இந்தக் கட்டடத்துக்காரருக்குத் தூக்கம் போய்விட்டது. எல்லா வீட்டிலும் கேஸை நிறுத்திவிட்டு, ஒரே மாதிரி மின் அடுப்பை மொத்தமாக வாங்கிப் பதித்துவிட்டார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. அதுதான் இதில் பெரிய தொல்லை. யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

இது வேறு சமயத்தில் வந்திருந்தால் மெதுவாகப் பழகிக்கொண்டிருக்கலாம். மகன் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனி அவனை வேறு ஊருக்கு மாற்றிவிட்டது. ஒருமுறை கெஞ்சித் தள்ளிப்போட்டாயிற்று. இன்னொரு முறை கெஞ்சினால் வேலையே இருக்காது. போகிற இடத்தில் மற்ற மெக்கானிக்குகளோடு ஒரே அறையில் படுக்கை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போக வழியில்லை.

"ஒண்ணு நீ இங்க தனியா இருக்கணும், இல்ல அக்கா வீட்டுக்குப் போகணும்" என்றான்.

"நான் ஏண்டா அங்க போறேன்?"

"அப்ப நான் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ, இந்த அடுப்புல நீ மட்டும் நின்னு முழுசா ஒரு சாப்பாடு ஆக்கிக் காட்டு. நான் வாயத் திறக்கமாட்டேன், கையால தொடமாட்டேன். அதப் பாத்துட்டா நிம்மதியாப் போவேன். இல்லேன்னா நீ அக்கா வீட்டுக்குத்தான். வாதாடக் கூடாது."

மகள் வீட்டில் யாரும் கெட்டவர்கள் இல்லை. சம்பந்தியம்மா தங்கமான மனுஷி. கை முறிந்திருந்தபோது டிங்கக்கா அங்கே கொஞ்ச நாள் இருந்தார். "நீங்க சும்மா உக்காருங்க சம்பந்தி, எல்லாம் நாங்க பாத்துக்குறோம்" என்று சோபாவின் ஒரு மூலையில் உட்கார வைத்தார்கள். ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட அவராக மொண்டு குடிக்க விடவில்லை. எழுந்து நின்றால் போதும், வீடே "பாத்து, பாத்து" என்று பதறும். "சும்மா உக்காருறது ஒண்ணுதான்டி என்னால முடியல" என்று மகளிடம் சொல்லிச் சிரித்தார். கை கூடினதும் ஓடிவந்துவிட்டார். அந்தச் சோபா மூலை இன்னும் காலியாகத்தான் இருந்தது.

முதல் நாள் பழைய அலுமினியப் பாத்திரத்திலேயே சோறு வைத்தார். வருஷக்கணக்காக அடிபட்டு அதன் அடி தொப்பை போட்டிருந்தது. கேஸ் தீ அந்தத் தொப்பையைச் சுற்றி ஏறிக்கொள்ளும். புது அடுப்பின் கண்ணாடிப் பரப்பில் பாத்திரம் பம்பரம் மாதிரி சுற்றியது. நடுவில் இருந்த சோறு கருகிவிட்டது, ஓரத்துச் சோறு அரிசியாகவே இருந்தது.

மகன் அடுப்போடு வந்த புத்தகத்தைப் படித்துவிட்டு வந்தான்.

"இதுல தீ கிடையாதும்மா. கண்ணாடிக்கு அடியில கம்பி சூடாகும். அது கண்ணாடிய சூடாக்கும். கண்ணாடி பாத்திரத்த சூடாக்கும். பாத்திரம் அடி முழுக்கப் பதிஞ்சு உக்காந்தாத்தான் சூடு ஏறும். சூடாகுற வட்டம் எவ்ளோ பெருசோ அடியும் அவ்ளோ பெருசா இருக்கணும். தட்டையா, கனமா இருக்கணும். மூடி வச்சுத்தான் வேகவைக்கணும். இழுக்கக் கூடாது, தூக்கித்தான் வைக்கணும்."

"அது ஒட்டி உக்காரலேன்னா, நான் உங்க அக்கா வீட்டுல ஒட்டி உக்காரணும். சரி, வா கடைக்கு."

பாத்திரக் கடைக்காரருக்கு டிங்கக்காவை ரொம்ப நாளாகத் தெரியும். ஒவ்வொரு பாத்திரத்தையும் தட்டிக் கேட்டுத்தான் வாங்குவார் என்பதும் தெரியும். மகன் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, பாத்திரத்தைக் கவிழ்த்து, அடியில் அதை நிமிர்த்தி வைத்து, இடைவெளியில் வெளிச்சம் தெரிகிறதா என்று குனிந்து பார்த்தான்.

"தம்பி, பொண்ணு பாக்கக்கூட இவ்ளோ உத்துப் பாக்கமாட்டாங்க" என்றார் கடைக்காரர்.

"அவன் அதையும் இப்பிடிப் பாத்துத்தாங்க இன்னும் கட்டாம கெடக்கான்" என்றார் டிங்கக்கா.

கடைசியில் ஒரு எவர்சில்வர் பாத்திரம் தேறியது. அடியில் மூன்று தகடு சேர்த்து அழுத்திய தடிமன். வட்டத்துக்குச் சரியான அளவு. கண்ணாடி மூடி. மகன் அதை அம்மா கையில் கொடுத்தான். அவர் எடை பார்த்தார், விளிம்பைத் தடவினார், பிறகு விரல் கணுவால் அடியைத் தட்டினார். காதருகே வைத்து இன்னொரு தடவை தட்டினார்.

"இது ஊமைப் பாத்திரம்டா."

"நல்ல பாத்திரம்மா. இதுதான் அந்த அடுப்புக்குத் தோது."

"அடுப்புக்குத் தோதுதான். எனக்கு?"

கடைக்காரர் இன்னும் நாலு எடுத்துக் கொடுத்தார். எது சத்தம் போட்டதோ அது மெல்லிசாக இருந்தது. இந்த அடுப்பில் வைத்தால் நெளிந்துவிடும். எது தட்டையாக, தடிமனாக இருந்ததோ அது வாயே திறக்கவில்லை. இரண்டும் சேர்ந்த ஒன்று அந்தக் கடையில் இல்லை. வேறு இரண்டு கடையில் கேட்டார்கள், அங்கேயும் இல்லை. ஊமையையே வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

பாத்திரம் சரியாகிவிட்டது. அடுத்தது பொத்தான். இந்த அடுப்புக்குத் திருகு கிடையாது. கண்ணாடியின் முன்பக்கத்தில் படமாக வரைந்திருக்கிற இடத்தில் விரல் பட்டால் போதும், 'பீப்' என்று கத்திவிட்டு வேலை செய்யும். கண் தெரிந்தவர்களுக்கு வசதி. டிங்கக்கா விரலால் தேடித்தான் ஒன்றைக் கண்டுபிடிக்க முடியும். தேடுகிற விரலையே அடுப்பு கட்டளை என்று எடுத்துக்கொண்டது. எங்கே இருக்கிறது என்று தடவுவதற்குள் சூடு ஒன்றிலிருந்து ஒன்பதுக்குப் போய்விடும், இல்லாவிட்டால் மொத்தமாக அணைந்துவிடும். எதற்கும் ஒரே 'பீப்'. கூட்டினாலும் அதே சத்தம், குறைத்தாலும் அதே சத்தம்.

"மனுஷங்கூட ஆமாவுக்கு ஒரு குரல், இல்லைக்கு ஒரு குரல் வச்சிருக்கான். இதுக்கு அதுவும் கிடையாது" என்று அவர் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கையைக் கட்டாமல் நிற்கவே பயமாக இருந்தது.

திருகு வைத்த ஒற்றை அடுப்பு ஒன்றை மகன் வாங்கிவந்தான். கறுப்பு இரும்புத் தட்டு, மேடாக இருந்தது, தொட்டால் தெரிந்தது. டிங்கக்காவுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது. அன்று மாலையே அந்த மாடி முழுக்க இருட்டாகிவிட்டது. பதித்த அடுப்புக்கு மட்டும்தான் தனி ஒயர் இழுத்திருந்தார்கள், மற்ற பிளக்குகள் அந்தச் சுமையைத் தாங்காது என்றார் கட்டடத்துக்காரர். "உங்க நிலைமை எனக்குப் புரியுதும்மா. ஆனா ஒயர் புகைஞ்சா எல்லாருக்கும் ஆபத்து." அவர் சொன்னதும் சரிதான். மகன் அடுப்பைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தான்.

எதிர்வீட்டுத் தையல்காரிதான் ஒரு வழி சொன்னாள். அவளுக்கு வாயும் மெஷினும் ஒரே வேகத்தில் ஓடும்.

"ஏங்க்கா, கண்ணாடிய ஏன் தடவுற? அதுக்கு வெளிய தடவு."

சட்டைப் பட்டன்களைக் கொண்டுவந்து, கண்ணாடிக்குக் கீழே மேடையின் விளிம்பில் பசை போட்டு ஒட்டினாள். நாலு ஓட்டைப் பட்டன் இருந்தால் அதற்கு நேர் மேலே போடுகிற, அணைக்கிற இடம். இரண்டு ஓட்டை, கூட்டுகிற இடம். ஓட்டையே இல்லாத மொட்டுப் பட்டன், குறைக்கிற இடம். பாத்திரம் வைக்கிற வட்டத்துக்கு முன்னால் ஒன்று, பக்கத்தில் ஒன்று பெரிய கோட்டுப் பட்டனாக ஒட்டினாள். இரண்டுக்கும் நேராகக் கையை நீட்டினால் சந்திக்கிற இடம் வட்டத்தின் நடு.

டிங்கக்கா இரண்டு ஓட்டைப் பட்டனைத் தடவினார். விரலை நேராக மேலே நீட்டி ஒரு தடவை தொட்டார். 'பீப்.'

"ஒண்ணு" என்றான் மகன்.

இன்னொரு தடவை. "ரெண்டு."

"ஏண்டி, உன்னப் போயி வாயாடின்னு சொன்னேனே" என்று தையல்காரியின் கன்னத்தைத் தேடிப் பிடித்துக் கிள்ளினார்.

"இப்பவும் அதாங்க்கா. வாயாடி பட்டன் வச்சிருக்கா, அவ்ளோதான்."

அதற்குப் பிறகு ஒரு நாள் டிங்கக்கா ஒரு சத்தத்தையும் கண்டுபிடித்தார். கண்ணாடிக்கு அடியில் ஏதோ ஒன்று அவ்வப்போது 'டக்' என்றது. கம்பி சூடேறி அணையும்போது ஒரு 'டக்', மறுபடி எரியும்போது ஒரு 'டக்'. சூட்டைக் குறைத்து வைத்தால் அணைந்திருக்கும் நேரம் அதிகம், கூட்டிவைத்தால் எரியும் நேரம் அதிகம். அந்த இடைவெளியைக் கேட்டே நாலில் இருக்கிறதா ஆறில் இருக்கிறதா என்று சொல்லப் பழகினார். இந்த அடுப்பு அணைத்த பிறகும் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பதும் பிடிபட்டது. சோறு முக்கால் வெந்ததும் அணைத்துவிட்டு மூடியைத் திறக்காமல் விட்டால், மிச்சத்தை அதுவே பார்த்துக்கொண்டது. ஒன்றிரண்டு தடவை கையைச் சுட்டுக்கொண்டார். மகன் பார்க்காத மாதிரி குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டார். அவன் பார்த்தான்.

கிளம்ப வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இன்னிக்குப் பாத்துரலாமா?" என்று மகன் கேட்டான். குரலில் சாதாரணமாக இருக்கப் பார்த்தான்.

தையல்காரி வாசலில் தலையை நீட்டினாள். "மெஷின நிறுத்திட்டேங்க்கா. இல்லேன்னா உனக்கு 'டக்'கு கேக்காது. துணி மலையாக் கெடக்கு, கெடக்கட்டும்."

"நீ வாய நிறுத்துனா இன்னும் நல்லாக் கேக்கும், போடி."

சோறும் பருப்பும் என்று தீர்மானம். தொட்டுக்கொள்ள வெங்காயமும் வெள்ளரிக்காயும். மகன் சமையலறை நிலைப்படியில் சாய்ந்து, இரண்டு கைகளையும் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றான்.

சோறு தடங்கலில்லாமல் ஆனது. கோட்டுப் பட்டன்களைத் தொட்டு, பாத்திரத்தைத் தூக்கி, நடுவில் நச்சென்று வைத்தார். மூடியின் மேல் விரல் நுனியை வைத்து அதிர்வைப் பார்த்தார். நேரத்துக்கு அணைத்தார். விட்டார். சோறு பூவாக வந்தது. வேறு பாத்திரத்தில் கொட்டிக்கொண்டு, ஊமையைக் கழுவி, அடியைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, பருப்பை வைத்தார். முதலில் கூட்டினார், கொதி வந்ததும் நாலுக்குக் குறைத்தார். 'டக்.' கொஞ்சம் பொறுத்து, 'டக்.'

"கேக்குதாடா?"

மகன் வாயைத் திறக்கவில்லை. வாக்குக் கொடுத்திருந்தான். அவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டார்.

பருப்பு நுரை கட்டிப் பொங்கியது. பழைய பாத்திரமாக இருந்தால் மூடி முன்கூட்டியே கடகடத்திருக்கும். இந்தக் கனமான கண்ணாடி மூடி அசையவே இல்லை. வழிந்த நீர் அடுப்பில் பட்டு 'ஸ்ஸ்' என்ற பிறகுதான் தெரிந்தது. அவர் பதறவில்லை. மூடியைத் தள்ளி வைத்தார். அப்புறம், இத்தனை வருஷம் அடுப்பில் எது சிந்தினாலும் செய்வதைச் செய்தார். தோளில் கிடந்த துணியை எடுத்து அடுப்பின் முன்பக்கத்தைப் பரபரவென்று துடைத்தார். அடுப்பு நாலைந்து தடவை கத்தியது. ஈரம் பட்டதால் கத்துகிறது என்று நினைத்துக்கொண்டார். துணியை ஓரமாகப் போட்டுவிட்டு, வெங்காயத்தை எடுத்து நறுக்க ஆரம்பித்தார்.

மகன் பார்த்துக்கொண்டிருந்தான். துணி போன வேகத்தில் நாலு ஒன்பதாகியிருந்தது. பாத்திரத்தைச் சுற்றி, கண்ணாடிக்கு அடியில் வட்டத்தின் விளிம்பு செக்கச்செவேல் என்று எரிந்தது. ஓரமாகப் போட்ட துணியின் ஒரு முனை அந்தச் சிவப்பின் மேல் கிடந்தது.

'டக்' வரவில்லை. ஒன்பதில் அது அணையவே அணையாது. டிங்கக்கா நறுக்கிக்கொண்டே ஏதோ பாட்டை முணுமுணுத்தார். பல நாளாக அவர் அப்படி முணுமுணுத்ததில்லை.

மகன் ஒரு அடி எடுத்து வைத்தான். நின்றான். துணி முனை பழுப்பாக ஆரம்பித்தது. கையை நீட்டித் துணியை எடுத்தான். பிறகு குறைக்கிற இடத்தில் விரலை வைத்தான். 'பீப்' என்று கத்தியதும் அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தம் வரும் என்பதையே மறந்துவிட்டான். வேறு வழி தெரியாமல் இருமினான். இருமிக்கொண்டே மிச்சத்தையும் அழுத்தினான்.

வெங்காயம் நறுக்கும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு தொடர்ந்தது.

"பாஸ்!" என்று தையல்காரி வாசலில் இருந்து கைதட்டினாள். டிங்கக்கா தட்டுகளை எடுத்துவைத்தபோதுதான் அவள் வந்தாள், நடந்தது எதையும் பார்க்கவில்லை. ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, "உப்பு, காரம் எல்லாம் அப்பிடியே இருக்குக்கா. இனிமே எனக்கும் சேத்து ஆக்கிரு" என்று சொல்லிவிட்டுத் துணி மலைக்கு ஓடினாள்.

அம்மாவும் மகனும் சாப்பிட்டார்கள். பருப்பில் லேசாக அடிப்பிடித்த வாசம் இருந்தது.

"நல்லா இருக்கும்மா."

"எதுல இருந்துச்சுடா?"

"எது?"

"நீ இருமுனப்ப."

மகன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நான் ஒண்ணும் தொடலம்மா."

"அஞ்சு தடவ கத்துச்சு. என் கையில கத்தி இருந்துச்சு."

"...ஒம்போதுல."

"ம்." அவர் ஒரு வாய் சாப்பிட்டார். "நான் நாலுன்னு நெனச்சுட்டிருந்தேன். டக்கு வரலியேன்னு தோணுச்சு. சரி, வரும்னு இருந்துட்டேன்."

"அது ஒண்ணுதாம்மா தப்பு. மத்ததெல்லாம் நல்லாத்தானே பண்ணின? இனிமே துடைக்காத. சிந்துனா சிந்தட்டும். அணைச்சு ஆறினப்புறம் துடை."

"சொல்லிட்ட. கை கேக்கணுமே."

"பழகிடும்."

"நீ அங்க போனப்புறம், பழகுற வரைக்கும், யாருடா இருமுவா?"

நான் போகவில்லை என்று மகன் சொல்லலாம். சொன்னால் பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அம்மா பாஸாக வேண்டும் என்று அவரைவிட அவனுக்குத்தான் ஆசை இருந்தது. அதனால்தான் விரல் போனது. அதே விரல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. விரலை நீட்டாமல் இருந்திருந்தாலும் கெட்டிருக்கும். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"துணி கருகிடுச்சா?" என்று கேட்டார்.

"முனை மட்டும்."

"வாசம் வந்துச்சு. பருப்புன்னு நெனச்சேன்."

சாப்பிட்டு முடித்ததும் அவர் ஊமைப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, அடியில் விரலை விட்டுப் பார்த்தார். நடுவில் ஒரு வட்டம் சொரசொரவென்று பிடித்திருந்தது. நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். மகன் பக்கத்தில் வந்து நின்றான்.

"உங்க அக்கா வீட்டுல என்ன அடுப்பு?"

"கேஸ்தாம்மா. நாலு பர்னர்."

"சத்தம் வர்ற கேஸா?"

"எல்லா கேஸும் சத்தம் வரும்மா."

"என்னை அடுப்புகிட்ட விடமாட்டாங்க, இல்ல?"

மகன் குழாயைத் திறந்துவிட்டான். தண்ணீர் பாத்திரத்தில் விழுந்தது.

"மாட்டாங்கம்மா" என்றான்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.